பொம்மைக் கடை வைத்த நட்சத்திரம்

போன டிசம்பர் விடுமுறையில் என் விமானம் மரத்தில் மோதியது. நுரைப்பலகையால் செய்த தொலைக்கட்டுப்பாட்டு விமானம். இறக்கையின் நீளம் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். மாமாவும் நானும் மூன்று வாரம் உட்கார்ந்து வெட்டி ஒட்டியது. திடலில் பக்கக்காற்று வீசுவதைக் கவனிக்காமல் தரையிறக்கப் பார்த்தேன். வேகம் குறைந்தது, ஓர் இறக்கை சாய்ந்தது. இந்தப் பொழுதுபோக்கில் உள்ளவர்களுக்குத் தெரியும், விமானம் நம்மை நோக்கி வரும்போது இடம் வலமாகிவிடும், வலம் இடமாகிவிடும். குச்சியை எந்தப் பக்கம் தள்ளுவது என்று மூளை கணக்குப் போட்டு முடிப்பதற்குள் மரம் வந்துவிட்டது.

உடைந்த துண்டுகளை ஒரு பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா திட்டவில்லை. பையைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இருபது வயதில், பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும் பெண்ணுக்கு, பொம்மை விமானத்தால் என்ன பயன் என்றார்.

என்னிடம் பதில் இல்லை. அப்போது நான் வேலைப்பயிற்சிக்கு விண்ணப்பிக்க வேண்டிய நேரம். என் பட்டியலில் இருந்தவை எல்லாம் ஆளில்லா வானூர்தி தொடர்பான இடங்கள். சில இடங்களில் கட்டடங்களின் வெளிச்சுவரைப் படமெடுத்து விரிசல் தேடுகிறார்கள். சில இடங்களில் இராணுவத்துக்காக வேலை செய்கிறார்கள். பொம்மை என்று அம்மா சொன்ன பொருளும் இந்தப் பட்டியலில் இருந்த பொருளும் ஒன்றுதானா, வேறு வேறா என்று எனக்கே குழப்பமாக இருந்தது.

அந்த வார இறுதியில் மாமா வீட்டில் ஒரு பழைய படம் ஓடிக்கொண்டிருந்தது. 1966ஆம் ஆண்டு வெளிவந்த ‘பேட்மேன்’. அதில் ஷ்மிட்லாப் என்று ஒரு முதியவர் வருவார். வில்லன்கள் தம்மைக் கடத்திவிட்டார்கள் என்பதே தெரியாமல் உற்சாகமாக இருப்பார். மாமா திரையைக் காட்டி, நம் பொழுதுபோக்குக்குக் கடை வைத்துக் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர் என்றார். நான் நம்பவில்லை. பிறகு தேடிப் படிக்கத் தொடங்கினேன். அந்த முதியவரின் பெயர் ரெஜினால்ட் டென்னி. அவருடைய வாழ்க்கையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

மேடையில் வளர்ந்த பிள்ளை

1891ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் தேதி, இங்கிலாந்தின் சர்ரே வட்டாரத்தில் உள்ள ரிச்மண்ட் நகரில் அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ரெஜினால்ட் லீ டக்மோர். அப்பா நாடக நடிகர், பாடகர். ஆகவே வீட்டுக்கும் மேடைக்கும் நடுவே பெரிய தூரம் இல்லை. சிறுவயதிலேயே டென்னி மேடையேறிவிட்டார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. பதினாறு வயதில் அங்கிருந்து ஓடிப்போய் லண்டனில் குத்துச்சண்டை பழகினார்.

பிறகு மறுபடியும் மேடை. நல்ல குரல்வளம் இருந்ததால் இசை நாடகங்களில் பாடினார். முதல் உலகப் போருக்கு முன்பே அமெரிக்காவுக்குப் போய் நடித்தார். இசை நாடகக் குழு ஒன்றோடு இந்தியாவுக்கும் கிழக்கு நாடுகளுக்கும் பயணம் செய்தார். எங்கே வாய்ப்போ அங்கே மூட்டையைக் கட்டிக்கொண்டு போகும் வாழ்க்கை அது.

போர் அவரை வேறு திசையில் திருப்பியது. பிரிட்டனின் அரச பறக்கும் படையில் சேர்ந்தார். அக்கால விமானம் என்றால் மரச்சட்டமும் துணியும் கம்பியும்தான். மழையும் காற்றும் முகத்தில் அடிக்க, திறந்த இருக்கையில் உட்கார்ந்து பறக்க வேண்டும். அங்கே பிடித்த விமானப் பித்து அவரைக் கடைசிவரை விடவில்லை.

ஊமைப் படங்களின் நாயகன்

போர் முடிந்ததும் அமெரிக்கா திரும்பிய டென்னிக்குத் திரைப்படங்களில் இடம் கிடைத்தது. 1922ஆம் ஆண்டு ‘தி லெதர் புஷர்ஸ்’ என்ற குத்துச்சண்டைத் தொடர்படங்கள் வரத் தொடங்கின. பதினாறு வயதில் கற்ற குத்துச்சண்டை இப்போது கைகொடுத்தது. அதன்பின் யுனிவர்சல் நிறுவனத்தின் நகைச்சுவைப் படங்களில் நாயகனாக நடித்தார். சாதாரண அமெரிக்க இளைஞன், நல்லவன், ஆனால் எதைத் தொட்டாலும் சிக்கலில் மாட்டிக்கொள்பவன். இந்தப் பாத்திரம் அவருக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. 1920களில் அவர் ஒரு நட்சத்திரம்.

சம்பாதித்த பணம் எங்கே போனது தெரியுமா? ஒரு பகுதி வானத்துக்குத்தான். சொந்தமாக விமானம் வைத்திருந்தார். போர்க்காலத்து சோப்வித் ஸ்னைப் வகை விமானம் அது. ஹோவர்ட் ஹியூஸ் தம்முடைய புகழ்பெற்ற வான்போர்ப் படமான ‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ படத்தை எடுத்தபோது டென்னியின் விமானத்தை இரவல் வாங்கிப் பயன்படுத்தினார்.

1927இல் ‘தி ஜாஸ் சிங்கர்’ வெளிவந்தது. படங்கள் பேசத் தொடங்கின. ஊமைப் படத்தில் நடிகரின் குரலைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. ஆனால் பேசும் படத்தில், அமெரிக்கப் பக்கத்து வீட்டுப் பையனாக இத்தனை காலம் ரசிகர்கள் நினைத்திருந்தவர் வாயைத் திறந்ததும் அசல் இங்கிலாந்து உச்சரிப்பு வந்தது. அவருடைய குரல் நல்ல குரல். நாடக மேடையில் பயின்ற குரல். ஆனால் அவர் போட்டிருந்த வேடத்துக்கு அது பொருந்தவில்லை.

அந்த மாற்றத்தில் பல நடிகர்கள் காணாமல் போனார்கள். டென்னி காணாமல் போகவில்லை. ஆனால் நாயகன் இடத்திலிருந்து மெல்ல மெல்ல நகர்ந்து, நாயகனின் நண்பன், குடும்ப நண்பர், கண்ணியமான ஆங்கிலேயர் என்று துணைப் பாத்திரங்களுக்கு வந்தார். வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டு படங்களுக்கு நடுவே கையில் நிறைய நேரம் இருந்தது. இந்த இடத்தில்தான் பொம்மை விமானம் அவர் கதைக்குள் நுழைகிறது.

ஒரு சிறுவனின் விமானம்

அவரைப் பற்றி வழங்கும் கதை ஒன்று உண்டு. பக்கத்து வீட்டுச் சிறுவன் செய்த மாதிரி விமானம் சரியாகப் பறக்கவில்லையாம். உண்மையான விமானத்தையே ஓட்டியவர் ஆயிற்றே என்று டென்னியிடம் உதவி கேட்டிருக்கிறான். அவரும் நம்பிக்கையோடு கையில் வாங்கி, அங்கே இங்கே சரிசெய்து பறக்கவிட, அது விழுந்து நொறுங்கியதாம். பெரிய விமானத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் சிறிய விமானத்திடம் செல்லவில்லை. அந்தத் தோல்வியே அவரை மாதிரி விமானங்களின் பக்கம் இழுத்தது என்பார்கள்.

இதைப் படித்தபோது மரத்தடியில் நான் பொறுக்கிய துண்டுகள் நினைவுக்கு வந்தன. உடைந்த விமானத்தைப் பார்ப்பவர்கள் இரண்டு வகை. இனி இது வேண்டாம் என்று விலகுபவர்கள் ஒரு வகை. ஏன் உடைந்தது என்று கேட்டு உட்கார்ந்துவிடுபவர்கள் இன்னொரு வகை. டென்னி இரண்டாம் வகை.

1934ஆம் ஆண்டு நண்பர்களோடு சேர்ந்து ‘ரெஜினால்ட் டென்னி இண்டஸ்ட்ரீஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஹாலிவுட் பூலவார்ட் என்னும் புகழ்பெற்ற தெருவில் மாதிரி விமானக் கடை ஒன்றைத் திறந்தார். ஒரு காலத்து நாயகன், படப்பிடிப்பு இல்லாத நேரத்தில் பால்சா மரக்குச்சியும் பசையும் சின்னஞ்சிறு இயந்திரங்களும் நிறைந்த கடையின் முதலாளி. அப்போது அமெரிக்காவில் பொருளாதாரப் பெருமந்தம். நாட்டில் பலருக்கு வேலை இல்லாத காலத்தில் பொழுதுபோக்குக் கடை திறப்பது எத்தனை பேருக்குப் புத்திசாலித்தனமாகத் தெரிந்திருக்கும்?

பின்னர் 1938ஆம் ஆண்டு வால்டர் ரைட்டர் என்பவரின் வடிவமைப்பை வாங்கி, ‘டென்னிபிளேன்’ என்ற பெயரில் ஆர்வலர்களுக்கு விற்றார். அதில் பொருத்தும் சிறிய பெட்ரோல் இயந்திரத்துக்கு ‘டென்னிமைட்’ என்று பெயர்.

கண்ணுக்குத் தெரியாத கயிறு

அந்தக் காலத்து மாதிரி விமானங்கள் எப்படிப் பறந்தன என்பதைச் சொல்ல வேண்டும். பெரும்பாலானவற்றுக்குக் கட்டுப்பாடே கிடையாது. இறக்கையையும் வாலையும் கவனமாகச் சமன்செய்து, இயந்திரத்தை முடுக்கி, விட்டுவிட வேண்டியதுதான். எரிபொருளை அளந்து ஊற்றுவார்கள். அல்லது குறிப்பிட்ட விநாடிகளில் இயந்திரத்தை நிறுத்தும் கருவி ஒன்றைப் பொருத்துவார்கள். அதன்பின் விமானம் போகும் திசையில் வயல்வெளியில் ஓட வேண்டும். மாதக்கணக்கில் உழைத்துச் செய்தது காற்றோடு போய்விட்டால் போனதுதான்.

எனவே, வானில் இருக்கும்போதே அதனோடு பேச வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் இருந்தது. வழி வானொலி அலை. ஆனால் 1930களில் டிரான்சிஸ்டர் இல்லை. வானொலிக் கருவி என்றால் கண்ணாடி வெற்றிடக் குழாய்கள். அவற்றைச் சூடாக்க ஒரு பேட்டரி, மின்னழுத்தம் கொடுக்க இன்னொரு பேட்டரி. இந்தச் சுமையைத் தூக்கப் பெரிய இறக்கை வேண்டும். பெரிய இறக்கைக்குப் பெரிய இயந்திரம் வேண்டும். பெரிய இயந்திரம் அதிரும். அந்த அதிர்வில் உள்ளே இருக்கும் மென்மையான மின்தொடர்புகள் கெட்டுப்போகும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று உடையும். இன்று என் விமானத்தில் இருக்கும் சிக்னல் வாங்கும் கருவி என் கட்டைவிரல் அளவுதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கால ஆட்களை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அக்காலத்தில் அமெரிக்காவில் வானொலி அலையை அனுப்ப உரிமம் தேவைப்பட்டது. ஆகவே தொடக்ககாலத் தொலைக்கட்டுப்பாட்டு விமானிகள் பலரும் தேர்வு எழுதி உரிமம் பெற்ற வானொலி ஆர்வலர்களாகவும் இருந்தார்கள். 1937ஆம் ஆண்டு டெட்ராய்ட் நகரில் நடந்த அமெரிக்க தேசிய மாதிரி விமானப் போட்டியில் முதன்முறையாகத் தொலைக்கட்டுப்பாட்டுப் பிரிவு இடம்பெற்றது. செஸ்டர் லான்சோ என்பவர் வென்றார். அதே காலத்தில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் ‘கஃப்’ என்ற விமானத்தைப் பறக்கவிட்டார்கள். அது இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் விமான, விண்வெளி அரும்பொருளகத்திடம் இருக்கிறது. அந்தக் காலத்தில் எளிய கருவிகளில் ஒரே ஒரு பொத்தான்தான். ஒருமுறை அழுத்தினால் வாலில் உள்ள சுக்கான் ஒரு பக்கம் திரும்பும். விட்டால் நேராகும். மறுபடி அழுத்தினால் மறுபக்கம் திரும்பும். அடுத்த முறை எந்தப் பக்கம் என்பதை விமானிதான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இந்த ஆர்வலர்கள் எல்லாரும் பறக்க வைப்பது எப்படி என்ற கேள்வியோடு நின்றார்கள். டென்னி இன்னொரு கேள்வியையும் கேட்டார். இப்படிப் பறக்கும் பொருளை எதற்குப் பயன்படுத்தலாம்?

சுடப்படுவதற்காக ஒரு விமானம்

விமான எதிர்ப்புப் பீரங்கி வீரர்கள் எதைச் சுட்டுப் பழகுவார்கள்? அந்தக் காலத்தில், ஒரு விமானம் நீண்ட கம்பியில் துணிக்குழாய் ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு பறக்கும். கீழிருந்து துணியைச் சுட வேண்டும். இழுக்கும் விமானத்தில் மனிதன் இருக்கிறான். குறி தவறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பாதுகாப்புக்காக விமானம் நேராக, மெதுவாகப் பறக்கும். உண்மையான எதிரி விமானம் அப்படிப் பறக்காது. எனவே பயிற்சியும் அரைகுறை.

பிரிட்டனில் இதற்கு ஒரு தீர்வு கண்டிருந்தார்கள். 1935இல் ‘குவீன் பீ’ என்ற பெயரில், முழு அளவு விமானத்தையே ஆளில்லாமல் வானொலியால் இயக்கினார்கள். டென்னியின் எண்ணம் வேறு. இவ்வளவு பெரிய விமானம் எதற்கு? ஆர்வலர்கள் பறக்கவிடும் மாதிரி விமானத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் போதாதா? விலை மலிவு, விழுந்தால் இன்னொன்று செய்துகொள்ளலாம்.

சிறிய விமானம் எப்படிப் பெரிய விமானத்துக்கு ஈடாகும் என்று நானும் யோசித்தேன். பிறகு ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டென்னியின் விமானத்தின் இறக்கை நீளம் சுமார் 3.7 மீட்டர், வேகம் மணிக்கு ஏறத்தாழ 137 கிலோமீட்டர். அதைப்போல மூன்று மடங்கு பெரிய விமானம், மூன்று மடங்கு தொலைவில், மூன்று மடங்கு வேகத்தில் பறந்தால் தரையில் நிற்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவில், ஒரே வேகத்தில் நகரும். அதாவது 11 மீட்டர் இறக்கையுள்ள விமானம் மணிக்கு 400 கிலோமீட்டருக்குமேல் பறப்பதுபோல. அது ஒரு போர் விமானத்தின் அளவு. உயர்நிலைப்பள்ளியில் படித்த வடிவொத்த முக்கோணக் கணக்குத்தான் இது.

ஆனால் கணக்கு சரியாக இருந்தாலும் இராணுவம் உடனே வாங்கிவிடவில்லை. 1935இல் டென்னி தம்முடைய முதல் மாதிரியை, ஆர்பி 1 என்ற பெயரில், அமெரிக்க இராணுவத்துக்குக் காட்டினார். ஒப்பந்தம் கிடைத்தது 1940இல், ஆர்பி 4 என்ற வடிவத்துக்கு. நடுவே ஐந்து ஆண்டுகள். அந்த ஐந்து ஆண்டும் அவர் படங்களில் நடித்துக்கொண்டும், கடையை நடத்திக்கொண்டும், விமானத்தைத் திருத்திக்கொண்டும் இருந்தார். 1940இல்தான் ஹிட்ச்காக் இயக்கிய ‘ரெபெக்கா’ வெளிவந்தது. அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருதையும் அது பெற்றது. அதில் பண்ணை மேலாளர் ஃபிராங்க் கிராலியாக அமைதியாக வந்துபோகும் மனிதர், அதே ஆண்டில் இராணுவத்துக்கு ஆளில்லா விமானம் செய்யும் ஒப்பந்தத்தைப் பெற்றவர் என்பது திரையரங்கில் இருந்த எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

அந்த விமானத்துக்கு இராணுவம் ஓகியூ 2 என்று பெயரிட்டது. எடை சுமார் 47 கிலோகிராம். 6 குதிரைத்திறன் கொண்ட சிறிய இயந்திரம். ஒரே அச்சில் இரண்டு உந்துவிசிறிகள், எதிரெதிர்த் திசையில் சுழலும். ஒரு விசிறி ஒரு பக்கம் சுழன்றால் விமானத்தின் உடல் மறுபக்கம் திருகப் பார்க்கும். விமானம் விட்டவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். இரண்டு விசிறிகள் எதிரெதிராகச் சுழன்றால் ஒன்றின் திருகலை இன்னொன்று அடக்கிவிடும். கவண்போல் இழுத்துவிடும் கருவியிலிருந்து அது புறப்படும். தரையில் நிற்பவர் கண்ணால் பார்த்தே அதை ஓட்டுவார்.

இறங்குவதற்கு வான்குடை. பயிற்சி முடிந்ததும் விமானியின் கட்டளையில் விரியும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. தரையிலிருந்து வரும் வானொலித் தொடர்பு அறுந்துபோனாலும் வான்குடை தானாக விரிந்துவிடும். ஓட்டுபவரோடு பேச்சு நின்றுவிட்டால் அந்த விமானம் தன்பாட்டுக்குப் பறந்துகொண்டே இருக்காது, இறங்கிவிடும். கட்டுப்பாடு இல்லாமல் பறந்து காணாமல் போகும் விமானத்தின் பின்னால் வயல்வெளியில் ஓடும் பொழுதுபோக்கிலிருந்து வந்தவர்கள் செய்த விமானம் அது.

கடற்படையும் வாங்கியது. கடற்படை கொடுத்த குறியீடு டிடிடி. அதன் கடைசி எழுத்து டென்னியைக் குறிக்கிறது. போர் முடிவதற்குள் அவருடைய ரேடியோபிளேன் நிறுவனம் ஏறத்தாழ 15,000 ஆளில்லா இலக்கு விமானங்களைச் செய்து கொடுத்தது. வானத்தில் துளைத்தெடுக்கப்பட்ட விமானங்கள் எத்தனையோ. அவற்றில் ஒன்றிலும் விமானி கிடையாது.

தொழிற்சாலையில் ஒரு பெண்

அந்தத் தொழிற்சாலை லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வேன் நைஸ் பகுதியில் இருந்தது. ஆண்கள் பலர் போர்முனைக்குப் போய்விட்டதால், அங்கும் மற்ற தொழிற்சாலைகளைப்போலப் பெண்கள் ஏராளமாக வேலை பார்த்தார்கள். நார்மா ஜீன் என்ற இளம்பெண் அவர்களில் ஒருவர். வான்குடைகளைச் சரிபார்ப்பது, விமானத்தின் துணிமேல் பூச்சு அடிப்பது போன்றவை அவர் வேலை. போர் முடியும் தறுவாயில், உழைக்கும் பெண்களைப் படமெடுக்க டேவிட் கானோவர் என்ற இராணுவப் புகைப்படக்காரர் வந்தார். நார்மா ஜீன் உந்துவிசிறியைக் கையில் பிடித்துச் சிரிக்கும் படம் இன்றும் இருக்கிறது. அந்தப் படங்கள் அவரை விளம்பர உலகத்துக்கு அழைத்துப்போயின. சில ஆண்டுகளில் உலகம் அவரை மேரிலின் மன்றோ என்று அறிந்துகொண்டது.

டென்னியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்தச் செய்தியைத்தான் முதலில் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, திரையில் பெயர் மங்கிக்கொண்டிருந்த ஒருவர் தன் தொழிற்சாலையில் எத்தனையோ பேருக்கு வேலை கொடுத்தார் என்பது. ஹாலிவுட் பூலவார்டில் இருந்த சிறிய கடைதான் அப்படி வளர்ந்தது.

1952இல் நார்த்ராப் விமான நிறுவனம் ரேடியோபிளேனை வாங்கியது. டென்னி நடிப்பை விடவில்லை. 1956இல் வந்த ‘அரவுண்ட் தி வேர்ல்ட் இன் எய்ட்டி டேஸ்’, 1965இல் வந்த ‘கேட் பலூ’ என்று சிறு வேடங்களில் வந்துகொண்டே இருந்தார். எழுபதைத் தாண்டிய வயதில் ‘பேட்மேன்’. 1967ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி, இங்கிலாந்துக்குச் சென்றிருந்தபோது, பிறந்த ஊரான ரிச்மண்டிலேயே காலமானார். வயது 75.

என் மேசைமேல் இருக்கும் கேள்வி

இதோடு நிறுத்தினால் நல்ல கதையாக இருக்கும். பொழுதுபோக்கை விடாதீர்கள், ஒருநாள் பலன் தரும் என்று முடித்துவிடலாம். அம்மாவுக்கும் அதையே பதிலாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் கதை அங்கே முடியவில்லை.

1950களின் நடுப்பகுதியில், இலக்கு விமானத்திலிருந்து இன்னொரு விமானம் உருவானது. அதில் கேமரா இருந்தது. எதிரியின் பகுதிக்குமேல் பறந்து படமெடுத்து வரும். சுடப்படுவதற்காகச் செய்த விமானம் வேவு பார்க்கக் கற்றுக்கொண்டது. அந்தப் பாதையில் பலரும் பல நாடுகளும் நடந்து இன்று எங்கே வந்து நிற்கிறோம் என்பதைச் செய்தியில் பார்க்கிறோம். தொலைவில் ஓர் அறையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து, குச்சியை நகர்த்திக் குண்டு போடுகிறார்கள். என் கையில் இருப்பதும் அதுபோன்ற குச்சிதான்.

இதற்கெல்லாம் டென்னி பொறுப்பா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மனிதன் உட்கார்ந்திருந்த இடத்தில் மனிதன் இல்லாமல் செய்ய வேண்டும் என்பதுதான் அவர் செய்த வேலை. அதனால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் உண்டு. ஆனால் அந்தப் பயிற்சியின் நோக்கம், வேறொரு விமானத்தில் இருக்கும் வேறொரு மனிதனைச் சரியாகச் சுட்டு வீழ்த்துவது என்பதும் உண்மை. இரண்டும் ஒரே விமானத்தில்தான் இருந்தன. பிரித்தெடுக்க என்னால் முடியவில்லை.

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பொம்மை என்று நாம் சொல்வது அதன் அளவை வைத்து மட்டும்தான். 250 கிராமுக்கு மேற்பட்ட ஆளில்லா விமானத்தைப் பறக்கவிடுமுன் பதிவு செய்ய வேண்டும் என்று சிங்கப்பூரில் விதி வந்தபோது, இதற்குப் போயா என்று அலுத்துக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. இப்போது அலுப்பு இல்லை. தலைக்குமேல் பறக்கும் எதுவும் முழுக்க நம்முடைய சொந்த விஷயமாக இருக்க முடியாது.

விமானத்தை மறுபடி ஒட்டி முடித்தோம். போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் திடலுக்கு வந்தார். மாமா ஒரு மடக்கு நாற்காலி கொண்டுவந்து நிழலில் போட்டுக் கொடுத்தார். நான் விமானத்தை மூன்று சுற்றுப் பறக்கவிட்டு, இந்த முறை காற்றுக்கு எதிராகத் திருப்பி, மெதுவாகப் புல்லில் இறக்கினேன். அம்மா எழுந்து வந்து, கையில் இருந்த கருவியைப் பார்த்து, இது கெட்டுப்போனால் மேலே இருப்பது என்ன செய்யும் என்று கேட்டார்.

நான் விமானத்தைத் தரையில் பிடித்துக்கொண்டு உந்துவிசிறியை ஓடவிட்டேன். மாமாவைக் கருவியை அணைக்கச் சொன்னேன். ஒரு நொடியில் விசிறி நின்றது. தொடர்பு அறுந்தால் மோட்டார் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே அமைத்து வைத்திருக்கிறோம் என்று விளக்கினேன். டென்னியின் வான்குடையைப் பற்றியும் சொன்னேன். அம்மா தலையாட்டினார். அந்த ஏற்பாட்டை முதலில் யோசித்தவர் நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்றார்.

வேலைப்பயிற்சி நேர்காணல்களுக்கு அடுத்த மாதம் போகிறேன். கடைசியில் உங்களுக்கு ஏதேனும் கேட்க வேண்டுமா என்று கேட்பார்கள். அம்மா கேட்ட கேள்வியையே கேட்பதாக இருக்கிறேன். உங்கள் வானூர்தி தன்னை ஓட்டும் மனிதரை இழந்துவிட்டால் என்ன செய்யும்? அதற்கு அவர்கள் சொல்லும் பதிலை வைத்து, எங்கே சேருவது என்று முடிவு செய்வேன்.